வாசற்சுவரின் சாவிப் பெட்டி: திறக்காதபோதும் திறந்த பிறகும்

பிரிட்டனில் முதியவர்கள் தனித்து வாழும் தெருக்களில் நடந்தால், வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையளவு உலோகப் பெட்டி ஒன்று திருகப்பட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். மழை படாமல் ஒரு கறுப்பு ரப்பர் மூடி போட்டிருக்கும். அதைத் தூக்கினால் எண் பொத்தான்கள், அல்லது அருகருகே நான்கு எண் சக்கரங்கள். உள்ளே வீட்டுச் சாவி. லண்டன் தமிழ் வீடுகளிலும் இதற்குக் 'கீ சேஃப்' என்றுதான் பெயர். காலையில் குளிப்பாட்டி உடை மாற்றிவிட வரும் கேரர், இன்சுலின் போட வரும் தாதி, இரவில் குளியலறையில் விழுந்து கிடப்பவரைத் தூக்க வரும் ஆம்புலன்ஸ் ஊழியர் என எல்லோரும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறார்கள். நடக்க முடியாதவர் எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டியதில்லை. சாவியைப் பூச்சட்டிக்கு அடியில் ஒளித்துவைக்கவும் வேண்டியதில்லை.

பெட்டி திறக்க மறுத்தால் என்ன செய்வது, திறந்த பிறகு எண்ணை எப்படி மாற்றுவது என்று இரண்டு கேள்விகள் எப்போதும் எழுகின்றன. கையேடுகள் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கின்றன. இரண்டும் ஒரே கேள்வி என்பதே என் எண்ணம். நான் பார்த்த வரையில், வாசலில் ஆளை நிறுத்திவைக்கும் பெட்டிகளில் பல, கடைசியாக எண் மாற்றியபோது வேலையை அரைகுறையாக முடித்து மூடப்பட்டவை. வேறு சிலவற்றில் எண் ஒழுங்காக மாறியிருந்தது. தெரிய வேண்டியவருக்குத்தான் தெரிவிக்கப்படவில்லை. பூட்டே பழுதாகிப் போனது அரிது. ஆகவே திறக்கும் வழியைப் பேசுவதற்கு முன்னால், எண் உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

சக்கரப் பெட்டியின் தத்துவம் பழையது. அல்-ஜஸரி 1206இல் எழுதி முடித்த இயந்திர நூலில், பெட்டி ஒன்றுக்கு நான்கு வட்டுகள் கொண்ட எழுத்துப் பூட்டை விவரித்திருக்கிறார். இன்று நம் சுவரில் இருப்பதும் அதே நான்கு வட்டுதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்ளே ஒரு வட்டத் தகடு; தகட்டின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வெட்டு. நான்கு வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால், மேலே காத்திருக்கும் சட்டம் அவற்றுக்குள் இறங்கும், கொக்கி விடுபடும். ஒரு சக்கரம் ஓர் எண் தள்ளி நின்றாலும் சட்டம் இறங்காது.

வெளியே தெரியும் எண் வளையமும் உள்ளே இருக்கும் வெட்டுத் தகடும் ஒரே துண்டு இல்லை என்பதுதான் எண் மாற்றும் வசதியின் இரகசியம். சாதாரணமாக இரண்டும் பற்களால் கோத்துக்கொண்டு ஒன்றாகச் சுழலும். கதவின் உட்புறத்தில் இருக்கும் சிறு நெம்பியைத் தள்ளினால் பற்கள் விலகும். அப்போது வளையத்தைச் சுற்றினாலும் தகடு அசையாது. வெட்டுகள் நேர்கோட்டிலேயே நிற்கும். விரும்பிய எண்ணை முகப்பில் கொண்டுவந்து நெம்பியைத் திருப்பிவிட்டால், அந்த எண்ணோடு வெட்டு கோத்துக்கொள்ளும். பூட்டிய பெட்டியின் எண்ணை வெளியிலிருந்து மாற்ற முடியாததற்கும் இதுவே காரணம். நெம்பி உள்ளே இருக்கிறது. அதற்குப் போக முதலில் திறந்தாக வேண்டும். 'எண் மறந்துபோச்சு, ரீசெட் பண்ணுவது எப்படி' என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலான இயந்திரப் பெட்டிகளில் நேரான பதில் ஒன்றுதான்: திறக்காமல் முடியாது.

பொத்தான் பெட்டியின் கணக்கே வேறு. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டே நிலைகள்: அமுங்கியது, அமுங்காதது. உள்ளே ஒரு நழுவு தகடு; எந்தெந்தப் பொத்தான் அமுங்கியிருக்க வேண்டும், எது அமுங்காமல் இருக்க வேண்டும் என்பது பொருந்தினால் மட்டும் அது நகரும். ஆகவே எந்த வரிசையில் அழுத்துகிறோம் என்பதற்கு இங்கே இடமில்லை. 2, 5, 7, 9 என்றாலும் 9, 2, 7, 5 என்றாலும் அந்தப் பூட்டுக்கு ஒன்றுதான். ஒரே எண்ணை இருமுறை வைக்கவும் முடியாது. அமுங்கிய பொத்தானை இன்னொரு முறை அழுத்தினால் எதுவும் ஆகாது. வங்கி இயந்திரத்தில் பழகிய கைகளுக்கு இது விளங்கவே நேரம் எடுக்கிறது. '2272' என்று குறித்துக்கொண்டு வந்து நின்று தவிப்பவர்கள் உண்டு. அப்படி ஓர் எண் அந்தப் பெட்டியில் இருக்கவே முடியாது.

நான்கு சக்கரம் கொண்ட பெட்டியில் 10,000 சேர்க்கைகள். பத்துப் பொத்தான் பெட்டியில் எத்தனை பொத்தான் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றாலும், எதையும் அழுத்தாத நிலையை விட்டுவிட்டால் மொத்தம் 1,023தான். பன்னிரண்டு பொத்தான் கொண்ட சப்ரா சி500 போன்றவற்றில் 4,095 வரை போகும். ஆனால் மக்கள் வழக்கத்தால் நான்கு எண்தான் வைக்கிறார்கள். பத்தில் நான்கைத் தேர்வதற்கு 210 வழிகளே உள்ளன. ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும் 35 நிமிடத்தில் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்துவிடலாம். எண்ணை மறந்த உரிமையாளருக்கு இது ஆறுதல். அதே 35 நிமிடம் திருடனுக்கும் உண்டு என்பதால் பொத்தான் பெட்டியில் வழக்கமான நான்கை விட்டு ஐந்தோ ஆறோ எண் வைக்கச் சொல்கிறேன். அதைவிட முக்கியம் தேய்மானம். நாலு வருடம் ஒரே எண்ணை அழுத்தினால் அந்த நான்கு பொத்தான் மட்டும் பளபளக்கும், மற்றவற்றில் தூசி படிந்திருக்கும். வரிசைக்கு மதிப்பில்லாத பூட்டில், எந்தப் பொத்தான்கள் என்று தெரிந்தால் எண்ணே தெரிந்த மாதிரி. வாசலில் நிற்பவர் எதையும் யூகிக்கவே தேவையில்லை.

இனி, திறக்காத பெட்டி. எண் தப்பு என்ற முடிவுக்கு எல்லோரும் உடனே வந்துவிடுகிறார்கள். அது கடைசியாக வர வேண்டிய முடிவு.

லண்டன் ஹரோவில் என் பெரியம்மா வீட்டில் ஒரு மழைக் காலை. கேரர் பிள்ளை தொலைபேசியில் அழாத குறை. "அண்ணை, நேற்றும் இதே நம்பர்தான் அடிச்சனான், இண்டைக்குத் திறக்குதில்லை." உள்ளே இருந்து பெரியம்மாவின் குரல்: "பிள்ளை, ஏன் வெளியில நனையிறாய், உள்ளுக்கு வா." வரத்தான் வழியில்லை. நான் போய்ப் பார்த்தபோது அந்தப் பிள்ளை சரியான ஐந்து எண்ணையும் சரியாகவே அழுத்திக்கொண்டிருந்தது. மேலே இருந்த 'கிளியர்' நெம்பியை மட்டும் யாரும் தொடவில்லை. முதல் முறை கையுறையோடு அழுத்தியபோது பக்கத்துப் பொத்தான் ஒன்றும் சேர்ந்து அமுங்கியிருக்கிறது. அது அமுங்கியபடியே கிடக்க, அதன் மேலே எத்தனை முறை சரியான எண்ணை அடித்தாலும் பூட்டைப் பொறுத்தவரை அது ஆறு எண். நெம்பியைக் கீழே இழுத்தேன். 'டக்' என்று எல்லாப் பொத்தான்களும் ஒருசேர மேலே எழும்பின. பிறகு அதே எண்ணை அந்தப் பிள்ளையே அழுத்த, பெட்டி திறந்தது. பெரும்பாலான 'கெட்டுப்போன' பொத்தான் பெட்டிகளுக்கு மருந்து இந்த ஓர் இழுப்புத்தான். அழுத்துவதற்கு முன் ஒருமுறை, மூடிய பின் ஒருமுறை.

சக்கரப் பெட்டியில் எண்கள் குறிக்கோட்டுக்கு நேரே உட்கார வேண்டும்; அரை எண் மேலே கீழே நின்றால் சட்டம் இறங்காது. கைப்பேசி வெளிச்சத்தில் நேர்மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் கோடு விலகித் தெரியும். இரண்டாவது, உள்ளே திணித்த சாவிக்கொத்து. இரண்டு சாவியோடு நிற்க வேண்டிய இடத்தில் பின்கதவுச் சாவி, தோட்டச் சாவி, ஒரு பிள்ளையார் சாவிவளையம் என்று சேர்ந்துகொண்டால், மூடியை உள்ளிருந்து அவை தள்ளும். அந்த அழுத்தத்தில் கொக்கி இறுகிக்கொள்ளும். ஒரு கையால் மூடியை உள்நோக்கி அழுத்திக்கொண்டே மற்றக் கையால் திறப்பு நெம்பியை இழுத்தால் விடும். மூன்றாவது, குளிர். மழை நனைத்த இரவில் உறைந்துபோன பெட்டிக்குக் கொதிநீரை ஊற்றக் கூடாது. அந்த நீரே உள்ளே போய் மறுபடி உறையும். கார்க்கண்ணாடிக்கு அடிக்கும் பனிநீக்கித் தெளிப்பு போதும். இறுகிய சக்கரங்களுக்கு சிலிகான் தெளிப்போ கிராஃபைட் தூளோ போடலாம். சமையல் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விட்டால் அன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் தூசியைப் பிடித்துக் களியாகிவிடும்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால், யாராவது அண்மையில் எண் மாற்றினார்களா என்று கேட்க வேண்டும். சக்கரப் பெட்டியில் அடிக்கடி நடக்கும் விபத்து இதுதான்: எண்ணை மாற்றுகிறார்கள், நெம்பியை முழுதாகத் திருப்பாமல் பாதியில் விடுகிறார்கள், மூடுகிறார்கள், வழக்கப்படி சக்கரங்களைக் கலைக்கிறார்கள். பற்கள் முழுதாகக் கோக்காததால் ஏதோ ஒரு வளையம் தகட்டைவிட்டு ஓர் எண் வழுக்கிவிடுகிறது. அப்படி நடந்திருந்தால் சரியான எண், நினைவிலிருக்கும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு சக்கரத்திலும் அந்த எண், அதற்கு ஒன்று கீழே, ஒன்று மேலே என்று பார்த்தால் 3 × 3 × 3 × 3, அதாவது 81 சேர்க்கைகள். தாளில் குறித்துக்கொண்டு முறையாகப் போனால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மொத்தப் பத்தாயிரத்தையும் தேடினால், மூன்று விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில்கூட எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புது எண்ணோடு பழைய எண்ணையும், தொழிற்சாலையிலிருந்து வரும் 0000த்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாற்றியதாக நினைத்துக்கொண்டு மாற்றாமலே மூடிய பெட்டிகளும் இருக்கின்றன.

அடுத்தபடி, ஆட்களைக் கேட்பது. கருவியைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பேன். பராமரிப்பு நிறுவனத்தின் அலுவலகம், கழுத்தில் தொங்கும் அபாயப் பொத்தானைக் கவனிக்கும் தொலைப் பராமரிப்பு நிலையம், மகன், மகள், பெட்டியைப் பொருத்திக் கொடுத்த உள்ளூராட்சிக் கவுன்சில் என எண் பதிவான இடங்கள் குறைந்தது நான்கைந்து இருக்கும். பெட்டியைச் செய்த நிறுவனத்துக்கு நீங்கள் வைத்த எண் தெரியாது. அவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லை, விழுந்திருக்கலாம் என்று தோன்றினால் மேலே சொன்ன எதற்கும் நேரம் செலவழிக்கக் கூடாது. உடனே 999 அவசர எண். உயிரையோ உடலையோ காப்பதற்காக ஒரு வீட்டுக்குள் நுழையும் அதிகாரத்தை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1984ஆம் ஆண்டின் காவல்துறை மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் 17ஆம் பிரிவு காவல்துறைக்குத் தருகிறது. கதவு உடையும். உடையட்டும். கதவுக்காகத் தயங்கி நிற்கும் உறவினர்களைப் பார்க்கையில் மனம் வலிக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடப்பவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

ஆபத்து இல்லை, எண்ணும் கிடைக்கவில்லை என்றால் பூட்டுத் தொழிலாளி. பிரிட்டனில் இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம் கிடையாது. யாரும் பலகை மாட்டிக்கொள்ளலாம். 1958இல் தொடங்கிய மாஸ்டர் லாக்ஸ்மித்ஸ் அசோசியேஷன் தன் உறுப்பினர்களைச் சோதித்து ஏற்கிறது. அந்தப் பட்டியலில் பார்த்து அழைப்பது நல்லது. வருவதற்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு என்று தொலைபேசியிலேயே முழுத் தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல தொழிலாளி பெரும்பாலும் பெட்டியைத் தொடவே மாட்டார். கதவின் பூட்டை உடைக்காமல் திறப்பது அவருக்குப் பழகிய வேலை. உள்ளே போய் வேறொரு சாவியை எடுத்துக்கொண்டால் பெட்டியை நிதானமாகப் பார்க்கலாம். சுவர்ப் பெட்டியை அகற்றுவது சிரமம், ஏனென்றால் அதைச் சுவரோடு பிணைக்கும் திருகாணிகள் பெட்டிக்கு உள்ளே, பின்தகட்டில் இருக்கின்றன. திறக்காமல் கழற்ற முடியாது. துளையிட்டோ அறுத்தோதான் எடுக்க வேண்டும். கதவுக் கைப்பிடியில் தொங்கும் வகை என்றால் அதன் வளைவுக் கம்பியை வெட்டிவிடலாம். இரண்டிலும் பெட்டி போச்சு. புதிதாக வாங்குவதே முறை.

'உடைக்க முடியாத பெட்டி' என்று விளம்பரத்தில் பார்த்தால் நம்ப வேண்டாம். பூட்டுத் தரத்தை முறையாக அளப்பவர்கள் அப்படிப் பேசுவதில்லை. எல்.பி.எஸ். 1175 என்ற பிரிட்டிஷ் தரநிலையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் வரும்: எழுத்து, எந்த வகைக் கருவிகளால் தாக்கினார்கள் என்பதைக் குறிக்கும், எண், அத்தாக்குதலை எத்தனை நிமிடம் தாங்கியது என்பதை. எல்லாப் பூட்டும் ஒருநாள் திறக்கும் என்பதை ஒப்புக்கொண்டுதான் அந்த அளவே தொடங்குகிறது. காவல்துறை ஆதரவுள்ள 'செக்யூர்ட் பை டிசைன்' ஏற்பு பெற்ற பெட்டிகளைக் காப்புறுதி நிறுவனங்கள் மதிக்கின்றன. உடைத்த தடயமில்லாத திருட்டுக்கு இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை பல காப்புறுதிப் பத்திரங்களில் உண்டு. பெட்டியை மாட்டுவதற்கு முன்பே காப்புறுதி நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். விலைமலிந்த சக்கரப் பெட்டிகள் சிலவற்றில் சக்கரத்தை மெல்லச் சுற்றி வெட்டு எங்கே என்று விரலாலேயே உணர்ந்துவிட முடியும். தொழிலாளர்களுக்கும் திருடர்களுக்கும் இது தெரிந்த விஷயம். வாங்குபவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பதில் நியாயம் இல்லை.

இப்படியெல்லாம் வெளிப்படையாக எழுதலாமா என்ற விவாதம் 1851லேயே நடந்து முடிந்துவிட்டது. லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ், பிக்கடிலி கடைச் சாளரத்தில் பல பத்தாண்டுகள் சவாலாக வைக்கப்பட்டிருந்த பிராமா நிறுவனத்தின் பூட்டை, 16 நாள்களில் பிரித்துப் பிரித்துச் செலவிட்ட 51 மணி நேரத்தில் திறந்தார். நாடே அதிர்ந்தது. களவாணிகளுக்குப் பாடம் எடுக்கிறார் என்று பழித்தார்கள். களவாணிகளுக்கு இது முன்பே தெரியும் என்பதுதான் ஹாப்ஸ் தரப்பு. அதற்குப் பிறகு பூட்டுகள் மேம்பட்டன. நான் அவர் பக்கம்.

பெட்டி திறந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடாமல், கதவைத் திறந்துவிட்டு மறுபடி பெட்டியிடம் வந்து நிற்க வேண்டும். வாசலில் ஒருவர் அரைமணி நேரம் பல எண்களை முயன்று பார்த்த பிறகு, அந்த எண்ணைத் தெருவுக்கே அறிவித்துவிட்டதாகக் கொள்வதே பத்திரம். சக்கரப் பெட்டியில் மூடியின் உட்புற நெம்பியை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தள்ளுங்கள். திசை மாடலுக்கு மாடல் மாறும். புது எண்ணைக் குறிக்கோட்டுக்கு நேரே வையுங்கள். வளையங்கள் அசையாமல் பிடித்துக்கொண்டு நெம்பியைப் பழைய இடத்துக்கு, இனி நகராது என்று தெரியும் வரை திருப்புங்கள். பொத்தான் பெட்டியில் மூடியின் பின்புறத் தகட்டைக் கழற்றினால் ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னே அம்புக்குறியுள்ள ஒரு சிறு திருகு தெரியும். கிளியர் நெம்பியைக் கீழே பிடித்துக்கொண்டு, வேண்டிய எண்களின் திருகுகளைக் கூட வந்த சிறு கருவியால் அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். பழைய எண்ணில் இருந்து புது எண்ணில் இல்லாதவற்றைத் திருப்பி வைக்க மறக்கக் கூடாது. நான்கைந்து பொத்தானில் ஒன்று மட்டும் பழைய நிலையில் நின்றுவிட்டால் எண் ஐந்தாறாகிவிடும்.

மூடுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஒரு வரியைப் பெட்டியின் உள்மூடியிலேயே அச்சடித்திருக்க வேண்டும். மூடி திறந்திருக்கும்போதே எண்ணைக் கலைத்து, கொக்கி இறுகுவதைப் பார்த்து, புது எண்ணை வைத்து, கொக்கி விடுபடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று முறை. பிறகு சாவி உள்ளே இல்லாமல் மூடித் திறக்க வேண்டும். அதன் பிறகுதான் சாவி. எண்ணை மாற்றிய கை ஒன்று, சோதிக்கும் கை வேறொன்று என்றால் இன்னும் நல்லது. மாற்றியவர் தன் மனத்திலிருக்கும் எண்ணை அழுத்துவார், வேறொருவர் தாளில் எழுதியதை அழுத்துவார். தாளில் தவறாக எழுதியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

எந்த எண் என்பதில் மனிதர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி. கசிந்த நான்கிலக்கக் கடவு எண்கள் 34 லட்சத்தை 2012இல் ஆராய்ந்த நிக் பெர்ரி, அவற்றில் ஏறத்தாழ 11 விழுக்காடு 1234 என்று கண்டார். அடுத்த இடம் 1111க்கு. 19இல் தொடங்கும் பிறந்த ஆண்டுகளும் நிறைய. வீட்டு எண், அஞ்சல் குறியீட்டின் எண், பிறந்த ஆண்டு மூன்றையும் விலக்க வேண்டும்; முதல் இரண்டும் வாசலிலேயே எழுதியிருக்கின்றன அல்லது யாருக்கும் தெரிந்தவை. எழுபது எண்பது வயதுக்காரர் வீட்டில் 19இல் தொடங்கும் எண்ணை ஒருவன் தேடினால் அவனுக்கு இருபது முப்பது முயற்சி போதும்.

இதற்கு மேல்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. எண்ணை அடிக்கடி மாற்றச் சொல்வது எளிது. ஒரு முதியவரின் பெட்டி எண்ணை அறிந்தவர்களை எண்ணிப் பாருங்கள்: முறை வைத்து வரும் கேரர்கள், விடுமுறைக்குப் பதிலாக வந்து போனவர்கள், அலுவலகம், தாதிகள், தொலைப் பராமரிப்பு நிலையம், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் முகவரிக் குறிப்பு, பிள்ளைகள், அடுத்த வீட்டுக்காரர். மாற்றினால் இத்தனை பேருக்கும் போய்ச் சேர வேண்டும். ஒருவருக்குப் போகாமல் விட்டால், இரவு இரண்டு மணிக்கு வரும் ஆம்புலன்ஸ் ஊழியர் பழைய எண்ணோடு வாசலில் நிற்பார். அதற்குப் பயந்தே ஆண்டுக்கணக்காக யாரும் மாற்றுவதில்லை. வேலையை விட்டுப் போனவர்களும் வீட்டுக்குள் வரக்கூடிய நிலை அப்படியே நீடிக்கிறது. பெட்டியின் எஃகு எவ்வளவு தடித்திருந்தாலும் இதற்கு முன்னால் அதற்கு வேலை இல்லை.

சொல்லாமல் மாற்றுவது, மாற்றாமல் இருப்பதைவிட ஆபத்து என்பது என் முடிவு. ஆகவே முதலில் பட்டியல், பிறகு நெம்பி. எண் அறிந்தவர்கள் யார் யார் என்ற தாளை எழுதி வைத்த பின்பே மாற்ற வேண்டும். மாற்றிய அன்றே ஒவ்வொருவரிடமும் சொல்லி, பெயருக்கு நேரே கோடு போட வேண்டும். அந்தத் தாளில் எண்ணை எழுதக் கூடாது. எண்ணும் முகவரியும் ஒரே குறுஞ்செய்தியில் போகக் கூடாது. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டையும் சேர்த்துப் போடும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. குழுவில் இருக்கும் முப்பது பேரில் எத்தனை பேர் கைப்பேசி தொலைத்திருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

மின்னணுப் பெட்டிகள் இதற்கு ஓரளவு விடை. சிங்கப்பூரின் இக்லூஹோம் போன்ற நிறுவனங்களின் பெட்டிகளில், இன்ன நாள் இன்ன மணி வரை மட்டும் செல்லும் எண்ணை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம். பெட்டிக்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை. ஒருவர் விலகினால் அவருக்குத் தந்த எண், காலம் முடிந்ததும் செல்லாது. அமெரிக்க வீட்டுத் தரகர்கள் பயன்படுத்தும் பெட்டிகள் யார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்பதையும் பதிந்துவைக்கின்றன. பேட்டரி தீர்ந்தால் வெளியே இருக்கும் இரு முனைகளில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை ஒட்டி உயிரூட்டும் வசதி பல மாடல்களில் உண்டு. ஆனால் அந்த பேட்டரி பக்கத்து வீட்டிலாவது இருக்க வேண்டும். எண்பது வயதுக்காரர் வீட்டுக்கு, நல்ல தரமுள்ள இயந்திரப் பெட்டியையே நான் இன்னும் தேர்வேன்.

வர வேண்டியவரை மட்டும் உள்ளே விடுவது எப்படி என்ற இதே கேள்வியை வேறு இடங்களில் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய நாக்ஸ் நிறுவனத்தின் பெட்டிகள் கடை, அலுவலகச் சுவர்களில் பதிக்கப்பட்டிருக்கும். உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் ஒரே சாவி அந்த ஊரின் எல்லாப் பெட்டிகளையும் திறக்கும். எண்ணே இல்லாததால் மறப்பதும் இல்லை; அந்தச் சாவி தொலைந்தால் ஊரே தொலைந்தது. இங்கிலாந்தில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்த பின் வந்த விதிகள், 18 மீட்டர் அல்லது ஏழு மாடி உயரமுள்ள குடியிருப்புகளில் தீயணைப்பு வீரர்களுக்கான தகவல் பெட்டியை 2023 ஜனவரி 23 முதல் கட்டாயமாக்கின. பாரிஸ், ஃபிளாரன்ஸ், ரோம் நகரங்களில் பொதுக் கம்பிகளிலும் விளக்குக் கம்பங்களிலும் தொங்கும் சுற்றுலா வாடகை வீடுகளின் சாவிப் பெட்டிகளுக்கு எதிராக மக்களும் நகராட்சிகளும் கிளம்பினார்கள். 2024 நவம்பரில் இத்தாலிய உள்துறை அமைச்சு விருந்தினரை நேரில் பார்த்து அடையாளம் உறுதிசெய்யச் சொல்ல, விவகாரம் நீதிமன்றம் போனது. அங்கே சண்டை வாடகையைப் பற்றியது. முதியவர் வாசலில் இருக்கும் பெட்டிக்கு அந்தக் கோபம் பரவக் கூடாது.

பெட்டியை மாட்டும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கல்லில் துளையிட வேண்டும், செங்கல்லுக்கு இடையிலான சாந்தில் வேண்டாம். சாந்து உதிர்ந்தால் பெட்டியே கையோடு வரும். தெருவிலிருந்து நேரே தெரியாத இடமாகவும், ஆனால் இரவில் விளக்கு வெளிச்சம் படும் இடமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையும் சுவர் எளிதில் கிடைப்பதில்லை. அப்படியானால் வெளிச்சத்தைத் தேர்ந்து, எட்டு மணி இருட்டில் மூக்குக்கண்ணாடியில்லாமல் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பராமரிப்பு நிறுவனங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஒரு கேரர் வேலையை விட்டால் சீருடையையும் அடையாள அட்டையையும் திருப்பி வாங்குகிறார்கள். அவர் போய் வந்த வீடுகளின் பெட்டி எண்கள் அவர் நினைவோடு போய்விடுகின்றன; அவர் விலகியதைக் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. பராமரிப்புத் திட்டத்தில் மருந்துக்கும் உணவுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. பெட்டி எண் கடைசியாக மாறிய தேதி, மாற்றியவர் பெயர், அறிவிக்கப்பட்டவர்களின் பட்டியல் என்று அதில் மூன்று வரி சேர்த்தால் போதும். கவுன்சில்கள் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும்போது இதைக் கேட்கலாம்; குடும்பங்கள், முதல் சந்திப்பிலேயே.